ஒன்பதாம் எண் பாறை

ஜூன் 3, திங்கள்

காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. இரண்டு குடம் எதிர்வீட்டில் கடன் வாங்கிக் குளித்துவிட்டு ஆய்வகம் போனால், வாசலில் கோலம் போட்டு வரவேற்புப் பலகை வைத்திருக்கிறார்கள். ஜெசிந்தா இன்று பொறுப்பேற்றாள். திட்டத் தலைவர்.

தூத்துக்குடிக் கல்லூரியில் மூன்று வருடம் என்னோடு ஒரே பெஞ்ச், ஒரே விடுதி அறை. அப்புறம் நார்வேக்குப் போய் ஒன்பது வருடம். இங்கே ஆள் தேடுகிறார்கள் என்று அவளுக்கு எழுதியது நான். இயக்குநர் வேதமூர்த்தி சாரிடம் "நல்லா செய்வா சார்" என்று சிபாரிசு செய்ததும் நான். எனக்கு உதவிக்கு ஒரு ஆள் கிடைக்கும் என்று நினைத்தேன். எனக்கு மேலே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள்.

சந்தோஷம்தான். எனக்கு என்ன.

எல்லார் முன்னாலும் ஓடிவந்து "ஏட்டி செண்பா!" என்று கட்டிக்கொண்டாள். சென்ட் நல்ல வாசனை. வீட்டுக்கு வந்த பிறகும் என் சேலையில் இருந்தது. துவைக்கப் போட்டுவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

என் வீட்டுக்காரருக்கு நேற்றுதான் என் வேலை என்னவென்றே புரிந்ததாம். பதினான்கு வருடமாக நான் சொன்னது புரியவில்லை. நேற்று ஜெசிந்தா சாப்பிட வந்தபோது ஒரு குழம்புச் சட்டியையும் மூடியையும் வைத்துச் சொன்னது புரிந்துவிட்டது.

"மின் நிலையத்துப் புகையிலருந்து கரியமில வாயுவைப் பிரிச்சு, ராமநாதபுரம் பக்கம் ஆயிரத்து நானூறு மீட்டர் ஆழத்துல இருக்குற மணற்பாறைக்குள்ள அழுத்தி வைக்கப் போறோம்ணே. அதுக்கு மேல களிப்பாறை ஒண்ணு மூடி மாதிரி கிடக்கு. மூடி சரியா இருந்தா வாயு ஆயிரம் வருஷம் ஆனாலும் உள்ளயே கிடக்கும். சரியில்லன்னா மேல வந்துரும்."

"அப்போ மூடி சரியா இருக்கான்னு எப்படிம்மா பாக்குறது?"

"அதத்தான் உங்க வீட்டம்மா பாக்கா."

இவர் ரயில்வே பட்டறையில் காற்று பிரேக் பார்ப்பவர். மூடி, கசிவு என்றதும் கண் விரிந்துவிட்டது. "ஜெசிந்தா எவ்வளவு அழகா சொல்லுது பாரு," என்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் நான் ஒரு கண்ணாடித் தம்ளரை உடைத்தேன். கை வழுக்கிவிட்டது.

இன்று பாறைக் கிடங்கில் அந்தோணி அண்ணனைச் சத்தம் போட்டேன். ஒரு பாறைத் துண்டை மெழுகு பிரித்து அரை மணி நேரம் வெளியே வைத்திருந்தார். "களிப்பாறை காத்தைப் பாக்கக்கூடாதுன்னு எத்தனை தரம் சொல்றது? உள்ள இருக்குற ஈரம் போச்சுன்னா தலைமுடி கனத்துக்குக் கீறல் விழும். அப்புறம் கடல்லயே கொண்டுபோய்ப் போட்டாலும் ஒட்டாது." பாவம், ஐம்பத்தைந்து வயது மனுஷர், தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் இந்த விஷயத்தில் நான் யாரையும் விடுவதில்லை. என் அளவு தவறியதில்லை என்று பெயர் இருப்பது இதனால்தான்.

ஜூன் 11, செவ்வாய்

கீழிருந்து வாயுவைச் செலுத்தியதில் எட்டாம் எண் துண்டும் தொண்ணூறு பார் அழுத்தம் வரை தாங்கியது. கார் டயருக்குள் இருப்பது இரண்டரை பார்தான். கருவியின் உச்ச வரம்பே தொண்ணூறு. எட்டுத் துண்டும் கசியவில்லை. மூடி நல்ல மூடி.

இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

காலையில் ஒன்பதாம் எண் துண்டின் மெழுகைப் பிரித்து, கட்டை விரல் அளவுக்கு உருளையாக அறுத்து மேசையில் வைத்தேன். ஈரம் போகாமல் ஊறவைக்கும் உப்புநீர்ச் சாடியைத் தயார் செய்துகொண்டிருக்கும்போது கூப்பிட்டார்கள். கேக் வெட்டுகிறார்களாம்.

ஜெசிந்தா திட்டத்தின் ஆலோசகராக இருந்தபோதே இதழுக்கு அனுப்பிய கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். அதோடு அக்டோபரில் ஐரோப்பாவில் ஒரு பெரிய மாநாட்டில் தொடக்க உரைக்கு அழைப்பு. வேதமூர்த்தி சார் அவளுக்கு ஊட்டிவிட, எல்லாரும் கைதட்ட, நானும் தட்டினேன். கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது அட்டவணை முழுக்க என் முதல் ஏழு துண்டுகளின் அளவுகள். மேலே நாலு பேர் பெயர். அதில் நான் இல்லை. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் நன்றி சொல்லியிருக்கிறாள். அந்தப் பட்டியலில் ஆறாவது.

தலைவலி வந்துவிட்டது. அறையைப் பூட்டிவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏசியை அணைத்தேனா என்று நினைவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இரண்டு நாளும் வெளியே போகவில்லை. பரண் சுத்தம் செய்தேன். இவர் "ஒரு எட்டு ஆபீஸ் போயிட்டு வா, என்னமோ விட்டுட்டு வந்த மாதிரியே இருக்கே" என்றார். ஞாயிற்றுக்கிழமை எவள் போவாள்?

ஜூன் 17, திங்கள்

ஒன்பதாம் எண்ணை உப்புநீரில் போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பாறைதானே, அழுகிப்போக அது என்ன பழமா? படிவத்தில் மெழுகு பிரித்த நேரம், நீரில் இட்ட நேரம் இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

ஜெசிந்தா மயில்நீலத்தில் ஒரு சேலை. நாற்பத்தோரு வயதில் அந்த நிறம்.

ஜூலை 4, வியாழன்

கசிந்தது!

நேற்று பத்து பார். இன்று காலை இருபதுக்கு ஏற்றினேன். பதினெட்டைத் தாண்டவில்லை, மேலே இருக்கும் கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழ். அப்புறம் இன்னொன்று. அப்புறம் சரம் சரமாக. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்தேன். அவ்வளவு பெரிய கட்டுரை, அவ்வளவு பெரிய உரை. பதினெட்டு பார்.

வரும் வழியில் ரெண்டு முழம் மல்லிகை வாங்கினேன். ராத்திரி ரெண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டேன். இவர் "என்ன விசேஷம்?" என்றார். ஒன்றுமில்லையே.

ஜூலை 8, திங்கள்

இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதிப்பாய்வுக் குழு வருகிறது. வேலையின் முறைப்படி எல்லா அளவுகளையும் அங்கேதான் வைக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மதியம் என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து பாகற்காயை எடுத்துத் தின்றுகொண்டே கேட்டாள். "ஒம்போது என்னாச்சுட்டி?"

"ஓடிட்டிருக்கு."

"நீ பாத்தா சரிதான்." என் தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தாள், விடுதியில் குடித்தது போலவே.

ஜூலை 12, வெள்ளி

வெளியிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஜெசிந்தா நாற்பது நிமிடம் பேசினாள். அடுத்து நான். எட்டுத் துண்டுகளை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு ஒன்பதாவதன் படத்தைத் திரையில் போட்டேன். என்னை முதன்முறையாக ஒரு அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் முகத்தைத்தான் நான் பார்த்தேன். கோபப்படுவாள், மழுப்புவாள், கருவியைக் குறை சொல்வாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். குழுத் தலைவர் அதைத்தான் கேட்டார். "சோதனையில் பிழை இருக்கலாமா?"

ஜெசிந்தா எழுந்தாள். "இருக்காது சார். செண்பகவல்லி அளந்தா அளந்ததுதான். இருபது வருஷமா எனக்குத் தெரியும். என் கணக்குதான் எங்கேயோ தப்பு. அந்த ஆழத்துல வெடிப்பு இருந்தா நான் பாத்திருக்கணும்."

திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அதே ஆழத்திலிருந்து இன்னொரு துண்டை இரண்டு மாதத்துக்குள் சோதிக்க வேண்டும். நான்தான் செய்ய வேண்டுமாம்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். "நல்லவேளை பாத்தியே. வாயுவை எறக்கின பொறவு தெரிஞ்சிருந்தா?"

ஜெயித்த மாதிரியே இல்லை. பல் வலிக்கிறது.

ஜூலை 18, வியாழன்

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். உரைக்கும் வரவில்லை என்று எழுதிவிட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகவே செய்தாள். அவசரக்காரி. கல்லூரியிலும் அப்படித்தான்.

இரண்டாவது சோதனை முடியட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

ஜூலை 22, திங்கள்

வேதமூர்த்தி சார் எல்லார் முன்னிலும் என்னைப் பாராட்டினார். நிறுவனச் செய்தி மடலில் என் படம். கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது எடுத்திருக்கிறார்கள்.

பல் டாக்டரிடம் போனேன். பல்லில் ஒன்றுமில்லையாம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம்.

ஜூலை 27, சனி

வெள்ளமுனைக்குப் போய் வந்தோம். ஆழ்துளை போட்ட ஊர். உப்பளமும் உடைமரமும். போன வருடமே இங்கே ஒரு கூட்டத்தில் ஜெசிந்தா "மூடி நல்லா இருக்கு, உங்க கெணத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஆலோசகராக வந்து வாக்குக் கொடுத்திருக்கிறாள். இப்போது சந்தேகம் வந்துவிட்டது என்பதையும் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று அடம். "நீயும் வாட்டி. தனியா போகப் பயமா இருக்கு." அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்து மரத்தடியில் நாற்பது பேர். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் கத்தினார். "அப்ப போன வருசம் எங்களப் பாத்து நெஞ்சறிஞ்சு பொய் சொன்னியளா?" இன்னொருவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். வேர்வையில் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது.

கடைசியில் என்னைக் காட்டினாள். "கண்டுபிடிச்சது இவங்கதான். நன்றி சொல்றதுன்னா இவங்களுக்குச் சொல்லுங்க."

ராக்கு என்று ஒரு அம்மாள், உப்பளத்தில் வேலை செய்பவர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை முழுக்க உப்பு வெடிப்பு. "எங்க ஊருக்கு இருக்குறது ஒரு நல்ல தண்ணிக் கெணறு, ஆத்தா. நீ நல்லா இருப்ப. ஒம் பிள்ளகுட்டி நல்லா இருக்கும்." எனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பை நிறையக் கருவாடு கொடுத்தார்.

ரயிலில் ஜெசிந்தா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். பை என் மடியில். பெட்டி முழுக்க நாறியது.

ஆகஸ்ட் 1, வியாழன்

அதே ஆழத்தின் இரண்டாவது துண்டு. மெழுகைப் பிரித்து, அறுத்து, உப்புநீரில் இட எனக்கு ஆன நேரம் பதினோரு நிமிடம். அந்தோணி அண்ணனைப் பக்கத்தில் நிற்கவைத்துக் கடிகாரம் பார்க்கச் சொன்னேன். அவர் "என்னம்மா, உங்களுக்கே சாட்சியா?" என்றார்.

இதுவும் கசியட்டும். கசிந்தால் எல்லாம் சரியாகிவிடும். கசிய வேண்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பத்து பார். கசியவில்லை. பத்தில் ஒன்பதாம் எண்ணும் கசியவில்லையே.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இருபது. கசியவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

முப்பது. குழாயை விளக்கு வைத்துப் பார்த்தேன். இணைப்புகளைக் கழற்றி மாட்டினேன். இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. போனேன். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நாற்பது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஐம்பது. இவர் கேட்டார், "ஏன் சாப்பிடல?"

ஆகஸ்ட் 17, சனி

அறுபது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எழுபது. ஆய்வகத்தில் என்னைத் தவிர ஆளில்லை. கையால் அழுத்தத்தை நூற்றைம்பதுக்கு ஏற்றினால் எந்தப் பாறையும் உடையும். கருவியின் வரம்பைத் தாண்டித் திருகுவதற்கு ஒரு சாவி போதும். சாவி என் இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். திரும்ப உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எண்பது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தொண்ணூறு. ஒரு குமிழ் இல்லை.

இதை எங்கேயாவது எழுதியாக வேண்டும். ஜூன் பதினான்காம் தேதி ஒன்பதாம் எண் துண்டை நான் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு. மறக்கவில்லை. சனிக்கிழமை காலை பரணில் ஏறி நிற்கும்போதே நினைவு வந்தது. போயிருக்கலாம். பஸ்ஸில் நாற்பது நிமிடம். போகவில்லை. திங்கட்கிழமை படிவத்தில் இரண்டு நேரங்களையும் வெள்ளிக்கிழமைக் காலை என்றே எழுதினேன். கீறல் பூமிக்கடியில் விழுந்ததல்ல. என் மேசையில் விழுந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

சொல்லிவிட்டேன்.

அவள் அறையில், கதவைச் சாத்திவிட்டு. முதலில் தொண்ணூறு என்றேன். அவள் முகம் மலர்ந்தது. எழுந்து என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள். "இரு," என்றேன். மற்றதையும் சொன்னேன். சனிக்கிழமையில் நினைவு வந்ததையும், குமிழைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதையும், பூ வாங்கியதையும் கூட. எதற்கு அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை.

"எம்மேல அவ்வளவு கோவமாட்டி?"

"கோவமில்ல."

"பின்ன?"

அந்த வார்த்தையை நான் சொன்னேன். பொறாமை. நாற்பத்தோரு வயதில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது?

"கட்டுரையில உம் பேரைப் போடாதது எந் தப்பு," என்றாள். "நாலு பேருக்கு மேல வேண்டாம்னு சார் சொன்னாரு, நானும் சரின்னுட்டேன். அத நீ எங்கிட்டக் கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். முடியைப் பிடிச்சு இழுத்திருக்கலாம். எல்லாரும் கேட்டப்ப, செண்பா அளந்தா அளந்ததுதான்னு எந்திரிச்சு நின்னேன்லா. அப்ப நீ என்னைப் பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

ஆமாம். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வெளிய போ," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

திருத்த அறிக்கையை என் பெயரிலேயே எழுதிக் கொடுத்தேன். வேதமூர்த்தி சார் அதைக் "கையாளும் முறையில் ஏற்பட்ட குறைபாடு" என்று மாற்றி எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். ஒரு வருடம் கருவிகளைத் தொடக்கூடாது. நூலகத்தில் மேசை.

இவரிடம் சொன்னேன். "நான்தான் அன்னைக்கு அவளைப் பத்தி ஓவராப் பேசிட்டேனோ" என்றார். "உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றேன். அவருக்காக அழுகை வந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

வெள்ளமுனைக்குத் தனியாகப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேர் வந்தார்கள், ராக்கு அம்மாளும். மூடியில் வெடிப்பு இல்லை, துண்டில் விழுந்த கீறல் என் கவனக்குறைவால் வந்தது, அதை மறைத்தேன், ஜெசிந்தா அன்றைக்கு உங்களிடம் வாங்கிய திட்டு எனக்குச் சேர வேண்டியது என்று சொன்னேன்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

ராக்கு அம்மாள் கேட்டார். "போன வருசம் நல்லா இருக்குன்னிய. பொறவு ஓட்டைன்னிய. இப்ப நல்லா இருக்குங்கிறிய. நாளைக்கு என்ன சொல்லுவிய?"

"இப்ப சொல்றதுதாம்மா நெசம்."

"அன்னைக்கும் அப்படித்தானே ஆத்தா சொன்னிய." கையைப் பிடிக்கவில்லை. "நீ பொய்யின்னு நான் சொல்லல. எங்களுக்கு இனிமே நம்புறதுக்குத் தெம்பு இல்ல. நீங்க ஒங்க வாயுவ எங்கிட்டாவது கொண்டுபோய் வைங்க."

ஊர் தீர்மானம் போட்டுவிட்டது. நல்ல பாறை. உலகத்தில் எங்கே தேடினாலும் அந்த மாதிரி மூடி கிடைப்பது கஷ்டம். இனி அங்கே யாரும் எதையும் வைக்கப் போவதில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

ஜெசிந்தா ராஜினாமா செய்துவிட்டுப் போனாள். எல்லாருக்கும் லட்டு கொடுத்தாளாம். நூலகத்துக்கு வரவில்லை.

டிசம்பர் 4, புதன்

மழை. துணி காயவில்லை. பேப்பரில் ஒரு சின்னச் செய்தி. ஆந்திரக் கரையில் இதேபோல ஒரு திட்டத்துக்கு ஜெசிந்தாவைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். படத்தில் முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். நன்றாக இருக்கிறது.

படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம் என்று எழுத ஆசை. வந்தது அதே எரிச்சல்தான். பேப்பரை மடித்து வைத்தேன். பருப்பை இறக்கினேன். ரசத்துக்குத் தாளித்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் போன் செய்தேன். மூன்று மாதத்தில் முதல் தடவை. எடுக்க மாட்டாள் என்றுதான் செய்தேன்.

எடுத்துவிட்டாள்.

"பேப்பர்ல பாத்தேன். வாழ்த்துகள்," என்றேன்.

"நெசமாவே சொல்லுதியா?"

பொய் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். "பாதி நெசம்," என்றேன். "பாதி இன்னும் எரியுது."

அவள் சிரிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பின்னால் யாரோ தெலுங்கில் அவளைக் கூப்பிட்டார்கள், மேடம், மேடம் என்று. ஒரு நிமிஷம் என்று அவர்களுக்குச் சொன்னாள்.

"சொல்லு," என்றாள். "கேட்டுக்கிட்டு இருக்கேன்."